கனம் குறைத்த வண்டியும் கனம் கூட்டிய வண்டியும்: புல்லட்டின் இரு வரலாறுகள்

(நீண்ட பதிவு. பொருள்சார் பண்பாட்டு வரலாற்றிலும் சொற்பொருளியலிலும் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக.)

தமிழில் ‘கனம்’ என்னும் சொல் எடையையும் குறிக்கும், மதிப்பையும் குறிக்கும். ‘கனவான்’ எடை மிகுந்தவர் அல்லர். ‘தலைக்கனம்’ தராசில் நிற்காது. ‘மாண்புமிகு’ வழக்கிற்கு வருமுன் சட்டமன்றத்தில் அமைச்சர்களைக் ‘கனம்’ என்றே விளித்தனர். இன்றைய பேச்சுவழக்கு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறது: ‘வெயிட்டான ஆள்’. தெலுங்கின் ‘கனத’ என்ற சொல்லும் பெருமையையே குறிக்கிறது. இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் சந்திரகிரி, திருப்பதிப் பகுதியில் இந்தப் பொருள் ஒற்றுமை அன்றாடம் காதில் விழுவதுதான்.

எடையை மதிப்பாகக் கொள்ளும் இந்த மொழிச்சூழலுக்குள், எடையைப் பகையாகக் கருதும் ஒரு விளையாட்டில் பெயர்பெற்ற இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே புல்லட். அதன் உறுப்புகளில் வலு, எடை, தோற்றம் ஆகிய மூன்றும் எவ்வாறு இடம் மாறின என்பதே இப்பதிவின் பொருள்.

1. காலூன்றினால் குற்றம்

‘ட்ரையல்ஸ்’ என்பது வேகப் போட்டி அன்று. பாறை, ஓடை, சேறு, வேர் நிறைந்த குறுகிய பாதையில், கால் தரையில் படாமல், வண்டி நிற்காமல் கடந்து செல்ல வேண்டும். நடுவர் அருகிலிருந்து பார்ப்பார். காலூன்றினால் குற்றப்புள்ளி, நின்றுவிட்டால் அதைவிடக் கூடுதல். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். தமிழில் ‘காலூன்றுதல்’ நிலைபெறுதலைக் குறிக்கும். இவ்விளையாட்டில் அது தோல்வியின் அளவுகோல்.

இந்த விதியிலிருந்துதான் வண்டியின் உருவம் பிறக்கிறது. ஓட்டுபவர் பெரும்பாலும் கால்தாங்கியின்மீது நின்றே ஓட்டுவதால் இருக்கை சிறுத்தது. ஓடையிலும் பாறையிலும் அடிபடாதிருக்கப் புகைக்குழாய் மேலே ஏறியது. சேறு அடைத்துக்கொள்ளாதிருக்க மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் இடைவெளி விரிந்தது. எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கத் தகடு வந்தது. பிரேக், கிளட்ச் பிடிகளின் பட்டையை இன்றும் பலர் முழுவதும் இறுக்குவதில்லை. வண்டி விழுந்தால் பிடி முறியாமல் சுழன்று விலகிக்கொள்ளும். வலுவை ஓர் உறுப்பின் தடிமனில் மட்டும் தேடாமல், அது விட்டுக்கொடுக்கும் முறையிலும் தேடும் சிந்தனை இது.

எடையைக் குறைப்பது வெறுமனே சுரண்டி எடுப்பதும் அன்று. ஒரே எடையுள்ள இரும்புக்குழாயின் விட்டத்தை இருமடங்காக்கிச் சுவரின் தடிப்பைப் பாதியாக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆயினும் அந்த மெல்லிய சுவர் பாறையில் மோதினால் எளிதில் நசுங்கும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றிலொரு பங்கே. ஆகவே எஃகு உறுப்பை அதே அளவில் அலுமினியத்தில் வார்த்தால் இலகுவாகும், தொய்வும் ஆகும். அதே விறைப்பைப் பெற வேண்டுமானால் குறுக்குவெட்டைப் பெருக்க வேண்டும். இன்றைய அலுமினியச் சட்டங்கள் பருத்துத் தோன்றுவது இக்கணக்கின் விளைவே. இங்குத் தோற்றம் காரணத்தின் சுவடு.

2. எடையைக் கூட்டி வென்ற கதை

‘ராயல் என்ஃபீல்டு’ என்னும் பெயரில் உள்ள என்ஃபீல்டு, இங்கிலாந்தின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். 1890களில் அத்தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்த ரெட்டிச் நகர நிறுவனம் அந்த உறவைத் தன் பெயராகவும் பீரங்கிச் சின்னமாகவும் ஆக்கிக்கொண்டது. ‘புல்லட்’ என்ற மாதிரியின் பெயர் 1932-இல் தோன்றியது.

நம் பேசுபொருளுக்கு முதன்மையான ஆண்டு 1948. அக்காலத்து ட்ரையல்ஸ் ஓட்டுநர் பலர் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கூடாது என்று நம்பினர். விறைத்த சட்டமே தரைப்பிடியைத் தரும்; ஸ்பிரிங் வீண் எடை என்பது அவர்களின் வாதம். அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த கோல்மோர் கோப்பைப் போட்டியில், ஸ்விங் ஆர்ம் பொருத்திய புதிய புல்லட்டின் முன்மாதிரி களம் இறங்கியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் வென்ற பிரித்தானிய அணியில் இருவர் புல்லட் ஓட்டித் தங்கப் பதக்கம் பெற்றனர். இந்தப் பன்னாட்டுப் போட்டி வண்டியின் தாங்குதிறனைச் சோதிப்பது. மேலே விளக்கிய காலூன்றாப் போட்டியிலிருந்து வேறானது. பின்னர் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை என்ஃபீல்டு வண்டியிலேயே வென்றார்.

ஸ்பிரிங்கும் ஸ்விங் ஆர்மும் எடையைக் கூட்டின என்பது உண்மை. ஆயினும் சக்கரம் கல்லில் துள்ளாமல் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது. கூட்டிய எடை தன் கூலியைச் சம்பாதித்தது. வேறிடங்களில் அவ்வடிவமைப்பு எடையை மிச்சப்படுத்தியது: எண்ணெய்க்குத் தனித்தொட்டி இல்லை, எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே இடம்; சட்டத்தின் முன்குழாய் எஞ்சினோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே எஞ்சினே சட்டத்தின் உறுப்பாகச் சுமை தாங்கும். ஒவ்வோர் உறுப்பையும் நோக்கி ‘உன் எடைக்கு நீ என்ன தருகிறாய்?’ என்று கேட்ட வடிவமைப்பு அது.

3. சென்னையில் மாறிய கேள்வி

1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு எல்லைக் காவலுக்கு உகந்த மோட்டார் சைக்கிளைத் தேடி 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின் வார்ப்புக்கும் கடைசலுக்கும் உரிய கருவிகளும் வந்தன. 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. திருவொற்றியூர் ஒரு பிரித்தானிய இயந்திரத்தின் இரண்டாம் பிறப்பிடம் ஆயிற்று.

இங்கே உறுப்புகளிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. இருவர், மூட்டை, கரடுமுரடான சாலை, நகரத்திலிருந்து தொலைவில் கிடைக்கும் எளிய கருவிகள்: இவற்றுக்கு ஈடுகொடுக்குமா என்பதே அது. வார்ப்பிரும்பு சிலிண்டரும், எஃகுத் தகட்டு மட்கார்டும், கனத்த ஃப்ளைவீலும் இக்கேள்விக்கு நல்ல விடைகள். கனத்த ஃப்ளைவீல் இரு உலகங்களுக்கும் பொது. பாறையில் மெல்ல ஏறும்போது எஞ்சின் அணையாமல் காப்பதும் அதுவே. மாட்டுவண்டிக்குப் பின்னால் கீழ் வேகத்தில் சலிக்காமல் ஊர வைப்பதும் அதுவே. இந்தக் கட்டத்தில் எடை, வலுவின் விலை. அதைக் கொடுத்ததில் நியாயம் இருந்தது.

இங்கிலாந்தில் போட்டிக்களம் வேறு திசையில் சென்றது. சாமி மில்லர் தம் 500 சிசி ஏரியல் வண்டியிலிருந்து ஆண்டுதோறும் எடையைக் கழித்து, 1964-இல் ஸ்காட்லாந்துப் போட்டியை அதில் வென்றார். மறு ஆண்டே ஸ்பெயின் நாட்டின் இலகுவான இரட்டைவீச்சு புல்டாகோவில் வென்றார். கனத்த நால்வீச்சு வண்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் 1955-இன் வடிவம் பெருமாற்றமின்றி தொடர்ந்தது. 1977-இல் இங்கிருந்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று.

4. எடையே தோற்றம் ஆதல்

காவல்துறை, இராணுவம், ஊர்ப் பெருந்தனக்காரர் என்று புல்லட்டை ஓட்டியவர்களின் தகுதி வண்டியின்மீது படிந்தது. தாங்கு நிறுத்தியில் ஏற்றவே பழக்கம் வேண்டும் என்ற குறையும் பெருமையாக மாறியது. வலுவின் பொருட்டு வந்த எடை, எடையின் பொருட்டே விரும்பப்படும் நிலைக்கு வந்தது. இதை வாங்குவோரின் அறியாமை என்று ஒதுக்குவது வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. ‘கனம்’ என்ற சொல்லின் இரட்டைப் பொருளை நினைத்துப் பார்த்தால், நம் மொழி முன்பே விரித்துவைத்திருந்த பாதையில்தான் அந்த வண்டி ஓடியது.

கட்டடக் கலையிலும் இதற்கு இணை உண்டு. சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகால் மூன்று தளங்கள் கொண்டது. மரம் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பப்பட்டது. அதன் உச்சியில் கோயில் விமானத்தை நினைவூட்டும் கூம்பு வடிவங்கள் எழுகின்றன. கீழே கருவறை இல்லை. அரண்மனைக்கு அவை கூரைக் காப்பாகவும் தேவையில்லை. ஆனால் அரசனின் கனத்தை அவையே சொல்கின்றன. சுவர்கள் அந்த எடையைத் தாங்கியாக வேண்டும். தோற்றத்துக்கு ஒரு விலை உண்டு, அதை வேறோர் உறுப்பு செலுத்துகிறது என்பதை மாணவர்கள் நேரில் காண ஏற்ற இடம் அது.

5. 2019: சாரியையாகிய புகைக்குழாய்

2019 மார்ச்சில் ராயல் என்ஃபீல்டு ‘புல்லட் ட்ரையல்ஸ்’ என்ற மாதிரியை 350, 500 சிசி அளவுகளில் வெளியிட்டது. ஜானி பிரிட்டன் காலத்துப் போட்டி வண்டிகளின் நினைவாக அது முன்வைக்கப்பட்டது. மேலேறிய புகைக்குழாய், ஒற்றை இருக்கை, குறுகிய மட்கார்டு, குறுக்குத்தண்டு வைத்த ஹேண்டில்பார், கட்டம்கட்டமான டயர், வண்ணம் பூசிய சட்டம் என அடையாளங்கள் எல்லாம் இருந்தன. எடை மட்டும் 190 கிலோவை ஒட்டி நின்றது. இன்றைய போட்டி ட்ரையல்ஸ் வண்டி 70 கிலோவை ஒட்டியது. அடுத்த ஆண்டு புதிய புகைவிதிகள் வந்த வேளையில் அம்மாதிரி விற்பனையிலிருந்து மறைந்தது.

மொழியியல் மாணவர்க்கு இது பழகிய நிகழ்வு. ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேரும்போது ‘மரத்தை’ ஆகிறது. இடையில் வரும் ‘அத்து’, சாரியை. தனக்கெனப் பொருள் இல்லை. ஆயினும் அது இல்லாமல் சொல் தமிழாக ஒலிக்காது. 2019-இன் உயர்ந்த புகைக்குழாய் அத்தகைய சாரியை. ஓடையைக் கடக்கவேண்டிய தேவை போய்விட்டது. ஆனால் அது இல்லாமல் வண்டி ‘ட்ரையல்ஸ்’ என்று வாசிக்கப்படாது. காரணம் கழன்றபின் வடிவம் இலக்கணமாக எஞ்சுகிறது.

இதைப் போலி என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. நினைவைச் சுமக்கும் உறுப்பும் ஒரு வேலையைச் செய்கிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச்சட்டங்களையும் ஆணிகளையும் கல்லில் செதுக்கிய சிற்பியை எவரும் போலி என்பதில்லை. ஆனால் அங்கே கல்லை மரமென்று எண்ணி யாரும் ஆணியைப் பிடுங்க முனைவதில்லை. வண்டியில் அந்தத் தெளிவு எப்போதும் இருப்பதில்லை. எடை குறைந்ததுபோல் தோன்றும் ஒன்றை, எடை குறைந்ததாகவே எண்ணி மலைப்பாதைச் சரளையில் செலுத்துபவர் உண்டு. தோற்றத்துக்காகக் கனத்த இரும்புக் காப்புகளைப் பூட்டுவோரும், மட்கார்டை அறுத்துக் குறைப்போரும் உண்டு. 190 கிலோ சரியும்போது அதைத் தாங்குவது ஓட்டுபவரின் ஒற்றைக் கால்தான். தோற்றத்தின் விலையை இங்கே உடல் செலுத்துகிறது.

6. ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோள்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் ஆண்டுகளையும் விற்பனையையும் எழுதுகிறோம். ஓர் உறுப்பு ஏன் இந்தத் தடிப்பில் இருக்கிறது, ஏன் இந்த உலோகத்தில் இருக்கிறது, எப்போது அந்தக் காரணம் கழன்றது என்ற கேள்விகள் விடுபடுகின்றன. அவற்றுக்கான விடைகள் விளம்பரத்தில் கிடைக்கா. கடைசல் பிடித்தவர்களின் பேச்சில் கிடைக்கும். வார்ப்பில் குறை, அரத்தின் போக்கு, மறையின் இறுக்கம் ஆகியவற்றுக்கு அவர்கள் வைத்திருந்த சொற்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு தொழில்மொழியே அடங்கியிருக்கிறது. முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர்.

இந்தப் பதிவை வாசிப்போரில் திருவொற்றியூரிலோ அதைச் சுற்றிய சிறு பட்டறைகளிலோ பணியாற்றியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்பது ஒன்றே: வீட்டுப் பெரியவரிடம் ஓர் உறுப்பைக் காட்டி, அதன் பெயரையும் அது ஏன் அவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். திருத்த வேண்டா, செந்தமிழாக்கவும் வேண்டா.