பாப் மார்லியின் கால் கட்டைவிரல்

போன மாசம் அப்பாவை சுகர் செக்கப்புக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன். வழக்கமா ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை எழுதித் தர்ற டாக்டர், அன்னைக்கு செருப்பைக் கழட்டச் சொல்லி ஒவ்வொரு விரலா பார்த்தார். இடது கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கருப்புக் கோடு.

"இது எவ்வளவு நாளா இருக்குங்கய்யா?"

"எங்கியாவது இடிச்சிருப்பேன் டாக்டர்."

எனக்கு உடனே பாப் மார்லி ஞாபகம்தான் வந்தது. (பாட்டு கேக்குறவங்களுக்கு பயமும் பாட்டு வழியாத்தான் வரும் போல!)

மார்லிக்கு 1977ல் கால்பந்து ஆடும்போது வலது கால் கட்டைவிரலில் அடிபட்டது. புண் ஆறவே இல்லை. சோதித்துப் பார்த்தால் நகத்துக்கு அடியில் மெலனோமா. அந்த அடியால்தான் வந்தது என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள், யாரும் நிரூபித்ததில்லை. விரலை எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். ராஸ்தஃபாரி நம்பிக்கையைச் சொல்லி மறுத்துவிட்டார். நகத்தையும் அதன் அடிச்சதையையும் மட்டும் எடுத்து, தொடைத்தோலை ஒட்டினார்கள். 1980 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது சுருண்டு விழுந்தார். அதற்குள் மூளை வரை பரவியிருந்தது. 1981 மே 11, மயாமியில் காலமானார். வயசு 36.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரன் வியாதின்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். நம்ம நிறத்துக்கு குறைவுதான், வாஸ்தவம். ஆனா வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடின்னு வெயில் படாத இடமாப் பார்த்து வருது. அங்கே சன்ஸ்கிரீன் என்ன பண்ணும்? கண்ணால பார்த்தாத்தான் உண்டு.

இது புதுசும் இல்லை. லண்டன் சர்ஜன் ஜோனதன் ஹட்சின்சன் 1886லேயே இந்த நகத்தடி மெலனோமாவைப் பற்றி எழுதிவிட்டார். நகத்தின் கருப்பு சுற்றியிருக்கும் தோலுக்குப் பரவினால், டாக்டர்கள் இன்றைக்கும் அதை ஹட்சின்சன் அடையாளம் என்றுதான் சொல்கிறார்கள். மச்சத்தைப் பார்க்க நியூயார்க் டாக்டர்கள் ஏ-பி-சி-டி விதி வகுத்தது 1985ல். இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடிப்பது, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். மார்லி இறந்து 4 வருஷம் ஆகியிருந்தது. நகத்துக்கு அந்த விதி அவ்வளவாக உதவாது என்பது வேற கதை.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். தோல் டாக்டர் லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல யாரும் ரெக்கே பாட்டு போடலை. பயப்பட ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. நம்ம நிறத்துக்காரங்க நிறைய பேருக்கு இப்படி கோடு இருக்குமாம். இப்ப வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அப்பா காலைக் காட்டிக்கிட்டிருக்கார் :-)

அம்மாவுக்கு பிரஷர் மட்டும்தான். அதனால அவங்க காலை இதுவரைக்கும் எந்த டாக்டரும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் செக்கப் இருக்கு, கேட்கணும்.