ஒரு ப்ராஜெக்ட், ரெண்டு லாக் ஃபைல்

ஜாவாஸ்கிரிப்ட்ல ஆணி புடுங்குற மக்களுக்கு இது பழகின தலைவலிதான். புது ப்ராஜெக்ட்டை இறக்கினா முதல் கேள்வியே, "இது என்பிஎம்மா, யார்னா, பிஎன்பிஎம்மா?" ஒரே வேலைக்கு எதுக்குய்யா இத்தனை மேனேஜர்? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

2010-ல ஐசக் ஷ்லூட்டர் என்பிஎம்மை வெளியிட்டார். ரொம்ப நாள் அது வெச்சதுதான் சட்டம். 2016 மார்ச்ல வந்துச்சு ஒரு தகராறு. 'கிக்'ங்கற பேரை அதே பேர்ல இருந்த கம்பெனிக்கு என்பிஎம் தூக்கிக் கொடுக்க, அந்தப் பேரை வெச்சிருந்த அசெர் கோச்சுலு கடுப்பாகி, தான் எழுதின 250-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை எடுத்துட்டார். அதுல ஒண்ணு லெஃப்ட்-பேட். மொத்தமே 11 வரி! எழுத்துக்கு முன்னாடி இடைவெளி சேர்க்கும், அவ்ளோதான். அதை நம்பியிருந்த பேபல் மாதிரி பெரிய தலைகளே படுத்துருச்சு. சில மணி நேரத்துல என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பேரு விஷயத்துல நான் கோச்சுலு கட்சி. ஆனா 11 வரி எழுத இத்தனை பேருக்கு சோம்பலா? :-)

அதே வருஷம் அக்டோபர்ல ஃபேஸ்புக் யார்னை விட்டது. அவங்க பிரச்சினை வேற. 'இந்த வெர்ஷன் இல்லேன்னா அதுக்கு மேல'ன்னு எழுதி வெச்சா, திங்கக்கிழமை இறக்கினவருக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை இறக்கினவருக்கு வேறொண்ணு வரும். வந்தது எதுன்னு யார்ன் லாக் ஃபைல்ல தானா எழுதி வெச்சது. 2017-ல என்பிஎம் 5-ம் அதையே செஞ்சது. பிஎன்பிஎம், பேக்கேஜை ஒரே இடத்துல வெச்சு எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் ஹார்ட் லிங்க் கொடுத்து டிஸ்க்கைக் காப்பாத்துச்சு. 2023-ல பன் 1.0 வேற.

எங்க ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட்ல ரெண்டு லாக் ஃபைலும் கிடந்தது. ஒருத்தர் யார்ன்ல சேர்க்க, இன்னொருத்தர் என்பிஎம்ல இறக்க, மெஷின்ல ஓடினது சர்வர்ல விழுந்துச்சு. ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

ஆண்டனி ஃபு எழுதின 'என்ஐ' இதுக்குத்தான். எந்த லாக் ஃபைல் இருக்குன்னு பார்த்து அதுக்கேத்த மேனேஜரைக் கூப்பிடும். என்ஐ அடிச்சா இன்ஸ்டால், என்ஆர் அடிச்சா ரன். மேனேஜருக்கு மேல ஒரு மேனேஜர்! பவர்ஷெல்காரங்க உஷார், அங்க 'என்ஐ'ன்னா ஏற்கனவே புது ஃபைல் உருவாக்குற கட்டளை. நோட் தரப்புலேர்ந்து 2021-ல கோர்பேக் வந்தது, 2025-ல நோட் 25-லேர்ந்து அதைக் கூடவே தர்றதை நிறுத்திட்டாங்க.

எங்க டீம்ல இப்ப எல்லாரும் என்ஐ. முதல்ல அந்த ரெண்டு லாக் ஃபைல்ல ஒண்ணை அழிச்சோம். ரெண்டும் இருந்தா அதுவும் ஏதோ ஒரு பக்கம்தானே சாயும்.