ஆர்னோ நதியின் பெருவெள்ளமும் புளோரன்ஸ் நகரத்துக் கடைவீதியும்

நதிக்கரையில் நகரமைத்து வாழ்தல் ஆதிகாலந்தொட்டு மக்களுக்குள்ள வழக்கம். குடிநீரும், பண்டமேற்றிச் செல்ல ஓடவழியும், சாயந் தோய்க்கவும் தோல் பதனிடவும் வேண்டிய தண்ணீரும் ஓரிடத்தே கிடைப்பதால், கைத்தொழிலாளரும் வணிகரும் ஆற்றைவிட்டு அகலாது குடியேறினர். அவ்வாறு பெற்ற ஊதியத்திற்கு ஆறு அவ்வப்போது வட்டி வாங்கிக்கொள்வதுமுண்டு. இத்தாலி தேசத்திலுள்ள புளோரன்ஸ் நகரம் அவ்வட்டியைப் பலமுறை செலுத்தியுள்ளது. அவற்றுள் 1333, 1557, 1966 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தவை மிகப் பெரியவை.

நம் நேயர்களிற் கடை வைத்து ஜீவிப்போர் அநேகராதலின், 1966-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்நகரத்துக் குடிகளும் சிறு வியாபாரிகளும் பட்ட பாட்டையும், அதினின்றும் அவர்கள் எழுந்த வகையையும் ஈண்டுச் சிறிது விரித்தெழுதப் புகுந்தோம். ஓவியங்களும் ஏட்டுச் சுவடிகளும் நனைந்த செய்தியை உலகம் நன்கறியும். செருப்புத் தைப்போனும் பலசரக்குக் கடைக்காரனும் பட்டதைப் பேசுவோர் சிலரே.

ஆர்னோ நதி பால்தெரோனா மலையில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 150 மைல் ஓடி, புளோரன்ஸையும் பைசா நகரையுங் கடந்து கடலிற் கலப்பது. கோடையில் மிகவும் மெலிந்து கிடக்கும். மலைகளில் அடைமழை பெய்தாலோ சில மணி நேரத்திற்குள் பெருகிவிடும். இதனை அந்நகரத்தார் அறியாதவரல்லர். 1333-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி நேர்ந்த வெள்ளத்தைப் பற்றி ஜியோவன்னி வில்லானி என்பவர் தமது சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கின்றார். அவர் புரோகிதருமல்லர், அரசவைப் புலவருமல்லர்; கணக்கெழுதிப் பழகிய ஒரு வணிகர். ஆதலால், எந்தப் பாலம் விழுந்தது, எந்த மதில் சாய்ந்தது என்பதையெல்லாம் சரக்கு இருப்பை எண்ணுவார்போல் எண்ணிச் சொல்லுகின்றார். அவ்வெள்ளம் தெய்வத்தின் தண்டனையோ, கிரகங்களின் செயலோ என்று நகரத்துக் கற்றோர் அக்காலத்தில் வாதித்ததையும் அவரே குறித்துள்ளார்.

அவ்வெள்ளத்தில் அழிந்த பழைய பாலத்தின் இடத்தில் 1345-ல் கட்டப்பெற்றதே இன்றும் நின்று நிலவும் "பொந்தே வெக்கியோ", அதாவது பழைய பாலம். அதன் இருமருங்கும் கடைகள் வரிசையாக உள்ளன. முன்னாளில் அவற்றிற் பல கசாப்புக் கடைகள். அவற்றின் கழிவும் நாற்றமும் பொறாது, 1593-ல் முதலாம் பெர்டினாந்து பிரபு கசாப்புக்காரரை விலக்கிப் பொற்கொல்லர்க்கும் நகை வணிகர்க்கும் அக்கடைகளை உரிமையாக்கினார். 1944-ல் ஜெர்மன் சேனை பின்வாங்கியபோது நகரத்தின் மற்றைப் பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தும் இதனை மாத்திரம் விட்டுச்சென்றது.

புளோரன்ஸ் நகரத்துத் தொழிலாளர் சங்கங்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். மத்திய காலத்தில் அங்கே பெருஞ்சங்கங்கள் 7, சிறுசங்கங்கள் 14, ஆக 21 சங்கங்கள் இருந்தன. அவற்றுட் சேராதவன் நகர ஆட்சியிற் பங்குபெறுதல் அரிது. மகாகவி தாந்தேயும் வைத்தியர், மருந்து வணிகர் சங்கத்திற் பெயர் பதிவு செய்துகொண்டவரே. பட்டு வணிகர் சங்கத்தார் பெற்றோரற்ற குழந்தைகளுக்காக 1419-ல் கட்டத் தொடங்கிய ஆசிரமம் இன்றும் காணத்தக்கது. இச்சங்கங்கள் 1770-ல் கலைக்கப்பட்டன. எனினும், 1244-ல் தோன்றியதாகக் கூறப்படும் "மிசெரிகோர்தியா" என்னும் தரும சகோதர சபை அழியவில்லை. நோயாளரைச் சுமந்து செல்லுதலைத் தொண்டாகக் கொண்ட அச்சபையார் 1966-லும் நகரத்துத் தெருக்களில் இருந்தனர்.

நிற்க. 1966-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி வெள்ளிக்கிழமை. 1918-ல் ஆஸ்திரியாவை வென்று போர் முடிந்த நாளாதலின், அஃது இத்தாலியர்க்கு விடுமுறை. வீதிகளிற் கொடிகள் கட்டப்பட்டிருந்தன. கடைக்காரர்கள் முன்னாள் மாலையே கடையடைத்துச் சரக்கைப் பூட்டிச் சென்றனர். மலைநாட்டில் ஓயாது மழை பெய்துகொண்டிருந்தது. நதியின் மேற்பகுதியில் லா பென்னா, லேவானே என்னும் இரண்டு அணைகள் உண்டு. அவை மின்சார உற்பத்திக்கென அமைந்தவை. அன்றிரவு அணையினின்று திறந்துவிடப்பட்ட நீரால் விளைந்த கேடு எவ்வளவு, வானத்தினின்று பொழிந்த நீரால் விளைந்தது எவ்வளவு என்பது பின்னர் நெடுங்காலம் வழக்காடப்பட்ட விஷயம்.

நள்ளிரவுக்குப் பின், பழைய பாலத்து நகைக் கடைகளைக் காவல் செய்யும் இராக்காவற்காரர் ஒருவர், நீர் பாலத்தின் வளைவுகளை முட்டுமளவு ஏறுவதையும், பாலம் நடுங்குவதையுங் கண்டார். உடனே கடைக்காரர்களுக்கு டெலிபோன் மூலம் சமாசாரம் தெரிவித்தார். அவர்கள் மழையில் ஓடிவந்து, கைக்கு அகப்பட்ட நகைகளைப் பெட்டிகளிலும் பைகளிலும் வாரிக்கொண்டு கரையேறினர். வந்தவரெல்லாம் எல்லாவற்றையும் எடுத்துவிடவில்லை. எனினும் அவர்கள் காலத்தில் அறிந்தனர்.

நகரத்தின் மற்றப் பாகங்களுக்கோ எவரும் அறிவிக்கவில்லை. கோயில் மணியும் அடிக்கப்படவில்லை, சங்கும் ஊதப்படவில்லை. நள்ளிரவில் ஜனங்களை எழுப்பினால் திகிலுங் குழப்பமும் விளையுமென்று அதிகாரிகள் கருதினர் என்பர். குழப்பத்திற்கு அஞ்சினோர் வெள்ளத்திற்கு அஞ்சாதது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது. நீரேற்று நிலையத்தில் வேலையிலிருந்த ஒருவர் தம் இடத்தைவிட்டு நீங்காமல் அங்கேயே மூழ்கி இறந்தார். விடியுமுன் ஆறு கரைச்சுவரை மீறி ஊருக்குட் புகுந்தது. காலை 7 மணி 26 நிமிஷத்துக்கு மின்சாரம் அற்று, நகரத்துக் கடிகாரங்கள் நின்றுபோயின.

தாழ்ந்த இடம் சாந்தா குரோச்சே என்னும் பேட்டை. அங்கேதான் ஏழைகளும், புத்தகங் கட்டுவோர், தோல்வேலை செய்வோர், தச்சர் முதலிய கைத்தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்தனர். பலருக்குக் கீழ்த்தளமே வீடும் பட்டறையும். நேரி வீதியில் நீர் ஏறக்குறைய 16 அடி உயர்ந்தது. சில இடங்களில் 20 அடிக்கு மேலென்ப. நடக்கவியலாத ஒரு மூதாட்டி, இரும்புக் கம்பியிட்ட சன்னலுக்குப் பின்னே, வெளியில் நின்றோர் கம்பியை அறுக்க முயன்று முடியாது பார்த்திருக்க, நீரில் மூழ்கினார். அதே பேட்டையிலுள்ள முராத்தே சிறைச்சாலையின் கைதிகள் கூரைமேல் ஏறினர். அண்டை வீட்டார் சிலர் அவர்களைத் தம் மாடிகளில் ஏற்றுக்கொண்டனர். கைதிகளிற் சிலர் பிறரைக் காப்பாற்றவும் முனைந்தனர். இத்தகைய நாளிற் கள்வன் யார், குடிமகன் யார் என்று நீர் பார்ப்பதில்லை.

நகரத்தில் 17 பேரும், சுற்றுப்புற ஜில்லாவில் 18 பேரும், ஆக 35 பேர் மாண்டனர். நாள் விடுமுறையாயிருந்தபடியால் பணிக்குச் செல்வோர் வீதியில் இல்லை, கீழ்க்கடைகளில் வேலையாட்கள் இல்லை, பள்ளிகள் மூடியிருந்தன. இல்லாவிடின் இத்தொகை எவ்வளவோ பெருகியிருக்கும். ஆனால் அதே விடுமுறையே சரக்குகளுக்கு எமனாயிற்று. கடையில் ஒருவன் இருந்திருந்தால் பலகைமேல் இருப்பதைப் பரண்மேலாவது ஏற்றியிருப்பான்.

வெள்ளம் அந்தி வரையுந் தணியாது நின்று, இரவில் வடிந்து, மறுநாட் காலையில் ஆறு தன் படுகைக்குத் திரும்பிற்று. அது விட்டுச்சென்ற சேறு 6,00,000 டன் என்று மதிப்பிட்டனர். நகரத்து ஜனங்களில் ஆளொன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல் வருகின்றது. வெறுஞ் சேறாயிருந்தால் கழுவிவிடலாம். மாரிக்காலம் நெருங்கியமையால், வீடுகளை வெப்பமூட்டும் எரியெண்ணெயை அப்போதுதான் நிலவறைத் தொட்டிகளில் நிரப்பியிருந்தனர். தொட்டிகள் உடைந்து எண்ணெய் நீர்மேல் மிதந்து, சுவர்களிலும் துணிகளிலும் தோலிலும் மரத்திலும் அப்பிக்கொண்டது. ஜவுளிக் கடையில் நீரில் நனைந்த துணியை உலர்த்தி விலை குறைத்தேனும் விற்கலாம். எண்ணெய்ச் சேறு தோய்ந்ததை யார் வாங்குவார்? நகரத்தில் சுமார் 6,000 கடைகள் வியாபாரமிழந்தன. 5,000 குடும்பங்கள் வீடிழந்தன. கடையோடு கணக்குப் புத்தகங்களும் நனைந்திருக்குமாதலால், சரக்கிழந்ததோடு, யார் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்னும் பற்று வரவும் பலருக்குப் போயிருக்கவேண்டும். கடைக்காரரான நேயர்கள் இதன் பொருளை நாம் சொல்லாமலே அறிவர்.

பாலத்துக் கடைகளின் கதி விநோதமானது. ஆறு அடித்துக்கொண்டுவந்த பெருமரங்கள் கடைகளின் பின்சுவரையும் சன்னல்களையும் உடைத்து, ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிப்பட்டன. அவ்வாறு நீருக்கு வழி கிடைத்தமையாலேயே பாலம் விழாது நின்றதென்று கூறுவோரும் உளர். வெள்ளம் வடிந்தபின் பொற்கொல்லர்கள் கடைக்குள் நின்ற சேற்றை, நம் நாட்டில் தட்டார் தெருப் புழுதியை அரித்துப் பொன் தேடுவாரைப் போல, அரித்துத் தம் பொருளைத் தேடினர்.

முதல் நாட்களில் அரசாங்கத்தின் கை எட்டவில்லை. அக்காலத்தில் நகரசபைத் தலைவராயிருந்தவர் பியெரோ பார்ஜெல்லினி. அவர் நகரத்துச் சரித்திரம் எழுதியவர். சாந்தா குரோச்சே அருகிலேயே வசித்தவர். அவர் வீட்டிற்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஆனால் ஒரு தலைவர் என்ன செய்வார்? உண்மையில் ஊரைத் தூக்கி நிறுத்தியது மண்வெட்டியும் மரத்தூளுமே. கடைக்காரரும் அவர் மனைவி மக்களும் உள்ளே வாரிய சேற்றைத் தெருவில் தள்ளினர். தெருவிலிருந்ததைப் பிறர் வண்டியிலேற்றினர். மாதா கோயில்களிலும், தொழிலாளர் கூடங்களிலும் உணவும் போர்வையும் பங்கிடப்பட்டன. அரசியலில் ஒருவரையொருவர் பாராத பாதிரிமாரும் பொதுவுடைமைக் கட்சியாரும் ஒரே பேட்டைக் கமிட்டியிலிருந்து வேலை செய்தனர். இப்பேட்டைக் கமிட்டிகள் வெள்ளம் போனபின்னும் கலையாது, வீடு, பள்ளி, சாக்கடை முதலிய விஷயங்களை நகரசபையிடம் வற்புறுத்தும் அமைப்புகளாக நின்றது கவனிக்கத்தக்கது.

உள்நாட்டினின்றும் வெளிநாடுகளினின்றும் மாணாக்கர் திரள் திரளாக வந்து, தேசிய நூல்நிலையத்தில் நனைந்த 10 இலட்சத்திற்கு மேற்பட்ட நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றினர். புகையிலை உலர்த்துஞ் சூளைகளிற் புத்தகங்களை உலர்த்தியதும் உண்டு. "சேற்றுத் தேவதூதர்" என்று அம்மாணாக்கர்க்குப் பெயர் வழங்கலாயிற்று. அவர்கள் செய்த தொண்டு பெரிதே. ஆயினும், தன் பட்டறையைத் தானே தோண்டியெடுத்த தச்சனுக்கு அத்தகைய பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

வியாபாரிகள் வாய்விட்டுச் சிரிக்கவும் மறக்கவில்லை. புளோரன்ஸ் நகரத்தார் குத்தலாகப் பேசுவதிற் பேர்போனவர். ஈரமான தங்கள் சரக்கையே பரிகசித்துக் கடைவாயிலிற் பலகை எழுதித் தொங்கவிட்டவர் சிலர். அரசாங்கமும் பின்னர் விழித்துக்கொண்டு, சிறு வணிகர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் திருப்பிக் கேளாத உதவித்தொகையும், குறைந்த வட்டிக் கடனும் அளிக்க ஏற்பாடு செய்தது. அச்செலவிற்காகப் பெட்ரோல் லிட்டருக்கு 10 லீரா வீதம் தேசமெங்கும் வரி விதிக்கப்பட்டது; வெள்ளம் வடிந்து பல்லாண்டுகளாகியும் வரி வடியவில்லை. டிசம்பர் மாதம் 24-ந் தேதி இரவு போப் ஆறாம் பவுல் நேரில் வந்து பெரிய கோயிலில் வழிபாடு நடத்தினார். அக்காலத்திற்குள் பல கடைகள், சுவரின் எண்ணெய்க் கறையோடே, கதவு திறந்துவிட்டன.

இனி, நாம் கருதும் ஒன்றை மறையாது கூறுவோம். இராக்காவற்காரர் மீது எவ்விதக் குற்றமுமில்லை. தமக்குக் கூலி கொடுத்தோர்க்குத் தம் கடமையைச் செவ்வனே செய்தார். பாலத்துப் பொற்கொல்லரும் தம் பொருளைத் தேடி ஓடியதில் தவறில்லை. ஆனால் சில நகைக்கடைகளை எழுப்பிய செய்தி, கீழ்த்தளங்களில் உறங்கிய பல்லாயிரவரை ஏன் எழுப்பவில்லை? நகரத்துக் காவலைத் தம் கையில் வைத்திருந்தோருக்கும் டெலிபோன் இருந்தது. மணி தொங்கும் கோபுரங்களும் அவ்வூரில் ஏராளம். விடியற்குள் சில மணி நேரம் கிடைத்திருந்தால் சாந்தா குரோச்சேயில் உயிரும் தப்பியிருக்கும், தையல் இயந்திரமும் தோற்கட்டும் மாடிக்கு ஏறியிருக்கும்.

பிற்காலத்தில் பழைய பாலத்தின் கீழும், சாந்தா திரினிதா பாலத்தின் கீழும் ஆற்றுப்படுகையைத் தாழ்த்தினர். உபநதியாகிய சியேவேயில் பிலான்சினோ என்னும் அணையும் கட்டினர். நேரி வீதி முனையில் 1333-ஆம் ஆண்டு நீர்மட்டத்தைக் காட்டும் கல்லும், அதற்கு மேலே 1966-ஆம் ஆண்டு மட்டத்தைக் காட்டும் கல்லும் சுவரிற் பதித்திருக்கின்றன. பொற்கொல்லர்கள் பாலத்துக்கு மீண்டனர். இன்றும் அங்கேயே வியாபாரம் செய்கின்றனர். சாந்தா குரோச்சேப் பேட்டையில் வீடிழந்த குடும்பங்களிற் பல நகரத்தின் புறத்தே எழுந்த புதுக் குடியிருப்புகளுக்குச் சென்றன. சென்றவர் பெரும்பாலும் திரும்பவில்லை. அவர்களோடு பட்டறைகளும் குறைந்தன. முராத்தே சிறை மூடப்பட்டுப் பின்னர்க் குடியிருப்பாக மாற்றப்பட்டது. சுற்றியுள்ள வீதிகளின் கீழ்த்தளங்களிற் பல இப்போது பிரயாணிகளுக்குத் தோற்சாமான் விற்கும் கடைகளாகவும் போஜனசாலைகளாகவும் இருக்கின்றன.