கெண்டக்கி ஆற்றங்கரைக் கோட்டை

காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு நிலம் உரியதோ, பத்திரம் உடையவனுக்கு உரியதோ என்னும் வழக்கு எத்தேசத்தார்க்கும் பொதுவானது. இதனை விளக்கும் அமெரிக்க சரித்திரமொன்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

1775-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரிச்சர்டு ஹெண்டர்சன் என்பார், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே ஏறக்குறைய 2 கோடி ஏக்கர் நிலத்தைச் செரோக்கி என்னும் பூர்வகுடித் தலைவர் சிலரிடம் சரக்குகள் கொடுத்துக் கிரயம் பெற்றார். இத்தகைய தனியார் கிரயத்தை அரசாங்கம் 1763-லேயே விலக்கியிருந்தது. அந்நிலத்தில் வேட்டையாடி வந்த ஷானி குடியினரோ இவ்விற்பனைக்கு இசைந்தாரல்லர்.

எனினும் ஹெண்டர்சன் அனுப்ப, டேனியல் பூன் என்பார் சுமார் 30 பேருடன் கோடரிகொண்டு வழி வெட்டிச் சென்று, கெண்டக்கி ஆற்றங்கரையில் குடியேறினார். மரக்கட்டை வீடுகளை வரிசையாக நிறுத்தி, இடைவெளிகளைக் கழிகளால் அடைத்துக் கோட்டை அமைத்தனர். அதுவே பூன்ஸ்பரோ எனப்பட்டது.

ஆறு அவர்களுக்கு நீரும் அளித்தது, அபாயமும் அளித்தது. 1776 ஜூலையில் ஓடத்திற் சென்ற பூனின் மகளையும் தோழியர் இருவரையும் பூர்வகுடியினர் சிறைகொண்டனர். மூன்றாம் நாளில் அவர்கள் மீட்கப்பட்டனர். 1778 செப்டம்பரில் ஷானி வீரர் முதலியோர் கோட்டையை வளைத்து, ஆற்றங்கரையினின்றும் சுரங்கம் தோண்டினர். பெருமழையில் சுரங்கம் இடியவே, முற்றுகை நீங்கிற்று.

கோட்டை பிழைத்தது, பாத்தியதை பிழைக்கவில்லை. அவ்வருஷத்திலேயே வர்ஜீனியா அரசாங்கம் ஹெண்டர்சனின் கிரயத்தைச் செல்லாதெனத் தள்ளிற்று. பின்னர்ப் பூன் உரிமை கோரிய நிலங்களும் அளவைப் பிழையாலும் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்த வழக்குகளாலும் பெரும்பாலும் கைவிட்டுப் போயின. மனம் நொந்த அவர் 1799-ல் மிஸ்ஸூரி நாட்டிற்கு அகன்று, 1820-ல் அங்கேயே காலஞ்சென்றார். ஷானி மக்களோ தம் பூர்வ பூமியை இழந்து, மேற்கே துரத்தப்பட்டனர். பூன்ஸ்பரோ என்னும் ஊரும் நாளடைவில் தேய்ந்தது. பிற்காலத்தில் கட்டிய மாதிரிக் கோட்டையே இன்று அவ்விடத்தின் அருகில் காணப்படுவது.

அன்பர்களே, உழைப்பிருந்தும் பத்திரம் பழுதானால் நிலம் நில்லாது; பத்திரமிருந்தும் பிறர் உரிமையைப் பறித்ததாயின் அறம் நில்லாது. ஆதலின் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தத்தம் பழைய சாசனங்களை எடுத்து, நான்கெல்லையும் வில்லங்கமும் சரிபார்த்து, முதியோர் வாய்மொழியையும் எழுதிவைப்பாராக. நமக்குரியதைக் காப்பதோடு அயலார்க்குரியதை விழையாதிருத்தலும் நம் கடனாம்.