பிரெஞ்சுப் பட்டமும் பெயர்ப்புக் கலையும்

பாரிசு மாநகரின் மோபேர் சதுக்கத்தில் 1546ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் ஓர் அறிஞர் கழுத்து நெரிக்கப்பட்டு எரியூட்டப்பட்டார். எத்தியேன் தொலே என்பது அவர் பெயர். இலத்தீனில் ஆழ்ந்த புலமையர். இலியோன் நகரில் அச்சகம் நடத்தியவர். தடை செய்யப்பட்ட நூல்களை வைத்திருந்தார், அச்சிட்டார் என்னும் வழக்குகள் அவர்மீது முன்னரே இருந்தன. எனினும், அவர் உயிருக்கு உலை வைத்த குற்றங்களுள் ஒன்று மொழிபெயர்ப்புப் பற்றியதாகும். பிளேட்டோவின் பெயரால் வழங்கிவந்த உரையாடல் ஒன்றைப் பிரெஞ்சில் பெயர்த்தபோது, இறந்தபின் மனிதன் இல்லாமற் போவான் என்ற இடத்தில், 'ஒன்றுமே' என அழுத்தந்தரும் மூன்று சிறு சொற்களை அவர் கூடுதலாகச் சேர்த்தார். உயிரின் அழியாமையை மறுத்துவிட்டார் என்று இறையியல் வல்லுநர் முடிவு கட்டினர். கருத்தைத் தெளிவாக்கச் சேர்த்த சொற்கள் என்று இன்றைய ஆசிரியர் ஒருவர் அவற்றை எளிதில் மன்னித்திருப்பார்.

இதே தொலே, 1540இல் நன்கு மொழிபெயர்க்கும் முறை பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டிருந்தார். அதில் ஐந்து விதிகள் உள்ளன. மூல ஆசிரியரின் கருத்தை முற்ற உணர்க, இரு மொழியிலும் புலமை பெறுக என்பன முதலிரண்டு. இவை மாணவரை நோக்கி எந்த ஆசிரியரும் கூறுவனவே. அடுத்த மூன்றுமே அவரை உயர்த்துகின்றன. சொல்லுக்குச் சொல் அடிமையாகாதே என்றார்; மக்கள் வழக்கில் உள்ள சொல்லையே ஆள்க என்றார்; இறுதியாக, செவிக்கினிய ஓசை இயைபு வேண்டும் என்றார். முன்னிரண்டும் கற்றலின்பாற்பட்டவை, பின்மூன்றும் கைப்பழக்கத்தால் வருபவை.

பிற்காலப் பல்கலைக்கழகங்கள் முன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டன. பிரான்சு நாட்டுத் தேர்வுகளில் அயன்மொழிப் பகுதியைத் தாய்மொழியில் தருதலும், தாய்மொழிப் பகுதியை அயன்மொழியில் தருதலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஒரு பக்கம், சில மணி நேரம், பிழைக்கேற்ப மதிப்பெண் குறைப்பு. மாணவரின் மொழியறிவை அளக்க இது நல்ல அளவுகோலே. ஆயினும், முந்நூறு பக்க நாவலில் ஒருவரது குரலை முதல் வரி தொட்டு இறுதி வரை தாங்கிச் செல்லும் ஆற்றலை அஃது எவருக்கும் அளித்ததில்லை. அமெரிக்கப் பிரெஞ்சுத் துறைகளிலும் நிலை இதுவே. ஃபுளோபேரைப் பற்றி எழுதினால் அஃது ஆய்வு. ஃபுளோபேரையே பெயர்த்தால் அது பொழுதுபோக்கு. முனைவர் பட்டத்தையும் பதவியையும் நாடிய இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மாற்றம் மெல்ல வந்தது. 1960களில் அயோவா பல்கலைக்கழகத்தில், கதையும் கவிதையும் எழுதக் கற்பித்த பட்டறைக்கு அருகிலேயே மொழிபெயர்ப்புப் பட்டறையும் தோன்றியது. பெயர்ப்பாளரும் எழுத்தாளரே என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. பிரான்சில் 1973இல் இலக்கியப் பெயர்ப்பாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். பின்னர், 1990ஐ ஒட்டிப் பாரிசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆங்கிலத் துறை, இலக்கியப் பெயர்ப்புக்கெனத் தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அங்கே மாணவர் நெடிய பகுதியொன்றைப் பெயர்ப்பர். தொழில்முறைப் பெயர்ப்பாளர் ஒருவர் உடனிருந்து வரிவரியாகத் திருத்துவார். தச்சுப்பட்டறையில் மூத்தவர் பக்கத்தில் நின்று பழகுவதை ஒத்தது இது. பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுத் துறையும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பதையே முதுகலைப் பட்டமாக்கியது. பெயர்ப்பே அங்கு ஆய்வேடாகவும் ஏற்கப்பட்டது.

தென்பிரான்சின் ஆர்ல் நகரில் 1987இல் உருவான பன்னாட்டு மொழிபெயர்ப்பாளர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் வழக்கமில்லை. ஓவியர் வான்கோ மருத்துவம் பெற்ற பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் அஃது இயங்குகிறது. பல நாட்டுப் பெயர்ப்பாளரும் தத்தம் கையெழுத்துப் படிகளோடு அங்கு வந்து தங்குகின்றனர். ஒரு சொல்லுக்காக இரவுணவு மேசையில் வழக்காடுகின்றனர்.