நுண்ணுயிர்க்குக் கல்வி உண்டோ?

பேராதனைப் பூங்காவுக்கு நம் மாணவர் பலமுறை சென்றிருப்பர். மலைநாட்டின் செல்வம் கோப்பியாயிருந்த நாளில் அங்கே தங்கி உழைத்த ஓர் இளைஞரை அவர்களுள் எத்தனைபேர் அறிவர்?

1869இல் இலங்கையில் முதன்முதற் காணப்பட்ட இலைத் துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவந்தது. அதன் காரணம் காண 1880இல் மார்ஷல் வாட் என்னும் ஆங்கிலத் தாவரவியலறிஞர் அனுப்பப்பட்டார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டு, காற்றிலே மிதந்துவந்த வித்திகளைப் பிடித்து அவர் ஆராய்ந்தார். ஈர இலைமேல் முளைக்கும் வித்தி இலைவாய் வழியே உட்புகுதலையும் கண்டார். காரணம் தெரிந்தது, கோப்பியோ பிழைக்கவில்லை. தோட்டங்கள் பாழாக, தமிழகத்திலிருந்து வந்து உழைத்தோருட் பலர் வெறுங்கையராய்த் திரும்பினர். இப்பகுதியில் வாழும் நம்முட் பலரது குடும்பக் கதை அவ்வீழ்ச்சியோடும் அதன்பின் வந்த தேயிலையோடும் பிணைந்தது.

1882இல் இலங்கையை விட்டு நீங்கிய வாட், பின்னர் கேம்பிரிட்ஜிற் பேராசிரியரானார். அங்கே புரோமசு என்னும் புல்லினங்களின் துருவை ஆராய்கையில் அவர் ஒரு துணிபுக்கு வந்தார். ஓரினப் புல்லிற் பழகிய துரு மற்றோரினத்தைப் பற்றாதாயினும், இடைப்பட்ட மூன்றாம் இனத்தில் வளர்க்கப்படின் அவ்வினம் பாலமாக உதவும் என்றார். துரு படிப்படியாகப் பயிலும் என்பதே இதன் பொருள். அழகிய கொள்கைதான். ஆனால் அமெரிக்காவிற் கோதுமைத் துருவை ஆராய்ந்த ஸ்ராக்மன் குழுவினர் 1918இல் அதனை ஏற்க மறுத்தனர்.

வினா அங்கு முடிந்துவிடவில்லை. பங்கசிலிருந்து பற்றீரியாவுக்கு மாறிற்று. வைரசு தாக்கியும் சில பற்றீரியாக்கள் தப்புவதேன்? தாக்குதலே அவற்றுக்குப் பாடமாயின், ஒரேவகையாய் வளர்த்த குடுவைகள் அனைத்திலும் தப்பியவற்றின் தொகை ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் எண்ணிப் பார்த்தபோது தொகைகள் பெரிதும் வேறுபட்டன. எதிர்ப்பாற்றல் வைரசைக் காணுமுன்பே தற்செயலாகத் தோன்றியிருந்தது என்பது தெளிவாயிற்று. ஒக்ஸ்போர்ட் இரசாயனப் பேராசிரியர் கின்சல்வூட் மட்டும், பற்றீரியா பழக்கத்தால் மாறும் என்பதை நெடுங்காலம் வற்புறுத்தினார்.

அவர் முற்றும் தவறினார் என்று கூறிவிடலாமோ? பாரிஸ் நகரில் மொனோ கண்டதை நோக்குக. குளுக்கோசும் இலற்றோசும் கலந்து கொடுத்தால் பற்றீரியா முன்னதை முடித்து, சிறிது தயங்கி, பின்னரே இலற்றோசை உண்ணத் தொடங்கும். அத்தயக்கம் கற்கும் வேளைபோல் தோன்றும். 1961இல் மொனோவும் யாக்கோபும் தந்த விளக்கம் வேறு. இலற்றோசைச் சிதைக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகை ஒரு தடைப்பொருள் பூட்டிவைத்திருக்கிறது. அச்சருக்கரையிலிருந்து பிறக்கும் பொருளொன்று அப்பூட்டைத் திறக்கிறது. ஆக, பற்றீரியா புதிதாக எதனையும் கற்கவில்லை. முன்னமே தன்னிடமிருந்ததை வேண்டியபோது வெளிப்படுத்திற்று.

இப்பூட்டுக்களை மனிதன் தன் விருப்பப்படி அமைக்கத் தொடங்கியமை அண்மைக்காலச் செய்தி. கல்கத்தாவில், இன்று கொல்கத்தா எனப்படும் நகரில், சாகா அணுக்கருப் பௌதிக நிலையத்தைச் சேர்ந்த சங்கிராம் பாக் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் வியப்புக்குரியது. இரசாயனப் பொருளொன்று இருப்பின் ஒன்று, இல்லையேற் பூச்சியம் எனக் கொண்டு எண்களைக் குறித்தனர். மாற்றியமைத்த பற்றீரியாக்கள் அப்பொருட்சேர்க்கையை உணர்ந்து, பூச்சியம் முதல் ஒன்பது வரையான எண்களுள் பகா எண் எது என்பதை ஒளிரும் புரதத்தால் அறிவித்தன. மூளை நரம்புகளைப் பின்பற்றிய கணிப்பு வலையமைப்பே அவற்றுக்கு முன்மாதிரி.

இவை கற்றன என்று பலர் எழுதுகின்றனர். எந்தப் பொருளுக்கு எவ்வளவு மதிப்புத் தரவேண்டும் என்பதைக் கணித்துப் பரம்பரையலகுகளிற் பொறித்தவர் ஆய்வாளரே. கற்றவரும் அவரே என்பது என் கருத்து. தான் சந்தித்த பொருளால் தன் அமைப்பைத் தானே திருத்திக்கொண்டு, அத்திருத்தத்தை அடுத்தமுறைக்கும் பேணும் உயிரணுவை ஆக்கும் முயற்சிகள் இப்பொழுது பல நாடுகளில் நடைபெறுகின்றன. 1906இல் மறைந்த வாட், தம் புல்லிலே தேடியதும் ஏறத்தாழ அத்தகைய ஒன்றைத்தான்.