கருவிகளின் பதிப்புகளும் அவற்றின் பேணுகையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனைக் கைத்தறியில் பாவின் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு, நெய்யப்படும் துணிக்கேற்ப மாறுபடும். புதிய அச்சைப் பெற்ற நெசவாளன் பழையதை எறிந்துவிடுவதில்லை. பழைய வகைத் துணி மீண்டும் வேண்டப்படின் அதற்குரிய அச்சும் வேண்டும் என்பதை அவன் அறிவான். இவ்வெளிய உண்மை கணனிச் செய்நிரலாக்கத்தில் நிலைபெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. அவ்வரலாற்றைச் சுருங்க ஆராய்வதும், அது நமது கடற்கரையோடு கொண்ட தொடர்பினைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்நிரல் எதுவும் தனித்து இயங்குவதன்று. அது எழுதப்பட்ட மொழியின் கருவியையும், பிறர் ஆக்கிய துணைத்தொகுதிகள் பலவற்றையும் சார்ந்தே இயங்குகின்றது. யுனிக்ஸ் முதலிய முறைமைகளில் இவை பொதுக் கோப்புறைகளில், ஒரு பெயருக்கு ஓரிடம் என்னும் முறையில் வைக்கப்பட்டன. எனவே, அதே பெயருடைய புதிய பதிப்பு வந்தபோது பழையது அழிந்தது. ஒரு செய்நிரல் பழையதையும் மற்றொன்று புதியதையும் வேண்டி நின்றால், ஒரே கணனியில் இரண்டையும் இயக்குதல் அரிதாயிற்று. விண்டோஸ் முறைமையில் 1990களில் தோன்றிய இத்தகைய இடரினைச் செய்நிரலாளர் 'டி.எல்.எல். நரகம்' என்றே அழைத்தனர்.

இவ்விடருக்கு முதல் மருந்தாக வந்தவை பொதி முகாமைக் கருவிகள். 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் திட்டமும், 1995இல் ரெட் ஹற் நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி.எம். கருவியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு பொதியும் தான் சார்ந்திருக்கும் பிற பொதிகளையும் அவற்றின் பதிப்பெண்களையும் தன்னகத்தே குறித்து வைத்தது. டெபியனின் 1999ஆம் ஆண்டு வெளியீட்டில் இடம்பெற்ற ஏப்ட் என்னும் கருவி, வேண்டியவற்றை இணையவழி தேடிப் பெற்று முறைப்படி நிறுவியது. ஆயினும் ஒரு பெயருக்கு ஓரிடம் என்ற விதி பெரும்பாலும் மாறவில்லை. இக்கருவிகள் பொதிகளிடையே இணக்கத்தை ஏற்படுத்தினவேயன்றி, பழையதும் புதியதும் அருகருகே வாழ வழிசெய்தன எனல் பொருந்தாது.

அவ்வழியைத் திறந்தது வேறொரு சிந்தனையாகும். கருவியை மாற்றாது, கருவியைத் தேடும் பாதையை மாற்றினால் என்ன என்பதே அது. ஜோன் பேர்லானி 1991இல் விளக்கிய 'மொடியூல்ஸ்' முறை இதனைச் செய்தது. பதிப்புகள் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்க, பயனர் தாம் வேண்டியதன்பால் தேடற்பாதையைத் திருப்பினார். இயன் பிக்கிங் 2007இல் ஆக்கிய வேர்ச்சுவலென்வ், ரூபி மொழிக்கு 2011இல் வந்த ஆர்பென்வ் ஆகியன பல்வேறு வகையில் இதே நெறியைச் சார்ந்தவை. ஒல்லாந்தின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ட்ரா 2006இல் அளித்த ஆய்வேடு இந்நெறியை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. அவரது நிக்ஸ் முறையில், ஒரு பொதி எவற்றிலிருந்து ஆக்கப்பட்டதோ அவையனைத்திலுமிருந்து கணிக்கப்பட்ட ஓர் அடையாளக் குறி அதன் முகவரியிலேயே பொறிக்கப்படுகின்றது. ஆதலின் இரு பதிப்புகள் ஒன்றையொன்று அழித்தல் இல்லை.

இது அறிஞர்க்கு மட்டுமே உரிய நுட்பம் எனக் கருதுதல் தவறாகும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தொடரும் கரையோரம் அவ்விழப்பை நன்கறியும். அவ்வேளை, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கென லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் பெயர் அது. பி.எச்.பி. மொழியில் அது எழுதப்பட்டது. அம்மொழியின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்து அப்பொழுது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. நான்காம் பதிப்பும் பரவலாக வழங்கிற்று. பின்னர் சகானாவின் மற்றொரு கிளை பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அது தொடங்கிய காலத்துப் பைதன் 2இற்கான ஆதரவோ 2020 சனவரி முதலாம் நாளுடன் முடிவுற்றது. பைதன் 2இல் எழுதியவை பல பைதன் 3இல் திருத்தமின்றி இயங்கா.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? மூலநிரல் பேணப்பட்டாலும், அது சார்ந்திருந்த கருவியின் உரிய பதிப்பு கிட்டாதாயின், அதனைப் படிக்கலாமேயன்றி இயக்கவியலாது. ஒரு பேரிடரின் பதிவேடுகளுக்கு இந்நிலை நேரின், இழப்பு ஓர் ஊரின் நினைவுக்கே நேர்ந்ததாகும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த மாணவரின் கல்வி அறுந்துவிடாதிருக்க 1995இல் தொடக்கப்பட்டதே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். தொடர்ச்சியின் அருமையை அத்தகைய நிறுவனத்தில் பயில்வோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்கள் தாம் எழுதும் ஒவ்வொரு செய்நிரலுடனும் அது சார்ந்த கருவிகள் யாவற்றின் பதிப்பெண்களையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்தல் வேண்டும். பொதி முகாமைக் கருவி அப்பட்டியலைக் கொண்டு பழைய சூழலை மீள அமைக்க முயலும். பட்டியலே இல்லாதவிடத்து அதற்கும் வழியில்லை.